வெறுங்கையோடு பார்க்கக் கூடாது

புதிதாக ஒன்றை முதன்முதலில் பார்ப்பவர் வெறுங்கையோடு பார்க்கக் கூடாது. பிறந்த குழந்தையானாலும் சரி, வீட்டுக்கு வந்த மருமகளானாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய பழைய காரானாலும் சரி, பார்த்த கண்ணுக்குக் கை எதையாவது கொடுத்தாக வேண்டும். அதற்குப் பெயர் கொரும்துக். கிர்கிஸ்தானில், அதுவும் பிஷ்கெக்கில், இது தெரியாத ஆள் கிடையாது. கொடுக்க மனமில்லாதவர் என்ன செய்வார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். குழந்தை இருக்கும் அறைக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்று, "தூங்குது போல, எழுப்ப வேணாம்" என்று நழுவிவிடுவார்.

இந்த நழுவலைத்தான் ஜோல்தோஷ் யோசிக்கவில்லை.

ஏழு வருடத்துக்கு முன்னால், சந்தைக்குப் பின்னாலிருக்கும் ஒரு சம்சா கடையில் ஐந்து பேர் உட்கார்ந்து 'ஷிர்தாக்' என்ற இணையதளத்தைத் தொடங்கினார்கள். கம்பளித் துண்டுகளை வெட்டித் தைத்துச் செய்யும் விரிப்பின் பெயர் அது. எழுதுகிறவர்கள், வரைகிறவர்கள், பாட்டுக் கட்டுகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு துண்டு கொண்டுவந்து போட வேண்டும் என்பது நினைப்பு. சம்பளம் கிடையாது, விளம்பரம் கிடையாது, முதலாளி கிடையாது. அவரவர் ஒழிந்த நேரத்தில் செய்கிற தொண்டு.

படைப்பைப் போட்டால் யாரும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடுகிறார்களே, அதற்கு என்ன வழி என்று பேச்சு வந்தது. விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே கவிதையும் எழுதும் ஜோல்தோஷ் மேஜையைத் தட்டி, நம்ம ஊர் வழக்கம் இருக்கும்போது என்ன கவலை என்றார். ஒரு படைப்பை முதலில் திறந்து பார்ப்பவர் அதன் கீழே ஐந்து வாக்கியமாவது எழுதியே தீர வேண்டும். எழுதினால் அவர் பெயர் பொன்னிறத்தில் மின்னும். எழுதாமல் போனால், 'பார்த்துவிட்டு வெறுங்கையோடு போனவர்' என்று மூன்று நாள் முகப்பில் சிவப்பில் நிற்கும். எழுதியவரே தன்னுடையதைத் திறந்தால் கணக்கில் வராது. ஐந்து பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கி, இன்னொரு தட்டு சம்சா வரவழைத்தார்கள்.

மூன்றே மாதத்தில் சாயம் வெளுத்துவிட்டது. உறுப்பினர்கள் வந்தார்கள், ஆயிரம், இரண்டாயிரம், நாலாயிரம் என்று வந்தார்கள். வந்த அத்தனை பேரும் வாசலிலேயே நின்றார்கள். புதுக் கவிதை ஒன்று பட்டியலில் ஏறும். பக்கத்தில் 'இன்னும் யாரும் பார்க்கவில்லை' என்று எழுதியிருக்கும். நாலாயிரம் பேரும் அந்த வரியைப் பார்ப்பார்கள், கவிதையைப் பார்க்க மாட்டார்கள். எவராவது முதலில் திறந்து தொலைத்தால் போதும், அடுத்த பத்து நிமிடத்தில் முந்நூறு பேர் புகுந்துவிடுவார்கள். இரண்டாவதாகப் பார்க்கிறவருக்குத்தான் ஒரு கடமையும் இல்லையே.

அந்த ஐந்து பேரில் பெகிமாயும் ஒருத்தி. பல் மருத்துவமனையில் முன்மேஜை வேலை, சீட்டுக் கொடுப்பதும் பெயர் கூப்பிடுவதும். ஒரு காலத்தில் சிறுகதைகள் எழுதியவள். யாரோ ஒரு பெண் போட்ட பாட்டு பதினைந்து நாளாகத் திறப்பாரில்லாமல் கிடந்ததைப் பார்த்து மனசு கேட்காமல் திறந்தாள். ஐந்து வாக்கியமும் எழுதினாள். செய்த தப்பு அதுதான். மறுநாள் ஆறு கடிதம் வந்தது, எல்லாம் ஒரே பாட்டு: "எஜே, உங்க கண்ணு ராசியான கண்ணு. என்னோடதையும் ஒரு பார்வை பாத்துடுங்க." தன்னைவிட எட்டு வயது மூத்தவர்கள்கூட அவளை எஜே, அக்கா, என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். காரியம் ஆக வேண்டுமென்றால் மரியாதை தானாக வரும்.

அப்புறம் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒருவர் கொரியாவுக்கு வேலைக்குப் போனார். ஒருவர் கலையை விட்டுவிட்டு டயர் விற்கப் போனார், நன்றாக இருக்கிறார். தளத்தைக் கட்டிய கணினிக்காரர் ஜெர்மனிக்குக் கிளம்பும்போது கடவுச்சொற்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பெகிமாயின் மேஜை இழுப்பறைக்கு அடியில் ஒட்டிவிட்டுப் போனார். ஜோல்தோஷ் மட்டும் போகவில்லை, தலைவரானார்.

தொண்டர்கள் தேவை என்று பெகிமாய் ஒரு அறிவிப்புப் போட்டாள். கேட்டீர்களா வேடிக்கையை, பதினெட்டுப் பேர் வந்தார்கள். ஒவ்வொருவரும் முதலில் கேட்டது என்ன வேலை என்பதல்ல, என்ன பதவி என்பது. கவிதைக்குத் துணைத்தலைவர், ஓவியத்துக்குத் துணைத்தலைவர், இளையோர் ஒருங்கிணைப்பாளர், மூத்தோர் ஒருங்கிணைப்பாளர், இந்த இரண்டு ஒருங்கிணைப்பாளர்களையும் ஒருங்கிணைக்க ஒருவர். செயற்குழுவுக்கென்று தனி அரட்டைக் குழு. அதில் காலை வணக்கத்துக்கே நாற்பது செய்தி ஓடும். புதுப் படைப்பைத் திறப்பது யார் என்று யாராவது கேட்டால் குழு கப்சிப்பென்று அடங்கிவிடும்.

ஏழு வருடத்தில் பெகிமாய் முதல் ஆளாகப் பார்த்தது பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். மனுஷி என்ன செய்வாள்? நோயாளிக்கும் நோயாளிக்கும் நடுவே கிடைக்கும் நாலு நிமிடத்தில் ஒன்று திறப்பாள், ஐந்து வாக்கியம் தட்டுவாள். போகப்போக வாக்கியங்கள் தாமாகவே வந்து விழ ஆரம்பித்தன. 'உண்மையான உணர்வு இருக்கிறது. சொற்கள் இயல்பாக அமைந்திருக்கின்றன. நடுப்பகுதி நெஞ்சைத் தொடுகிறது. முடிவை இன்னும் கொஞ்சம் சுருக்கலாம். அடுத்ததை ஆவலோடு எதிர்பார்க்கிறோம்.' ஒருநாள் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டு வாயில் பஞ்சோடு வந்த பெரியவரிடம், நடுப்பகுதி நெஞ்சைத் தொட்டது என்று சொல்லிவிட்டாள். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுத் தலையாட்டிப் போனார்.

இதில் அசனாலி என்று ஒருவர். கொச்கோர் என்ற மலையூரில் மாட்டு டாக்டர். தன்னுடைய ஒரே ஒரு பெண்குதிரையைப் பற்றி நாற்பத்தொரு கவிதை எழுதிப் போட்டிருந்தார். ஒன்பதாவது கவிதைக்குமேல் பெகிமாய் படிக்கவில்லை. திறந்து, அதே ஐந்து வாக்கியத்தை ஒட்டிவிட்டு மூடிவிடுவாள். ஒவ்வொரு தடவையும் அவர் மறக்காமல் நன்றி எழுதுவார். அந்த நன்றியைப் பார்த்தால் அவளுக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருக்கும்.

இப்படி ஊரார் எழுதியதையெல்லாம் பார்த்துக்கொண்டே ஐந்து வருடம் தான் ஒரு வரி எழுதாமல் இருந்தாள். பிறகு ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், எக்ஸ்ரே படங்கள் அடுக்கிய அறையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். ஒரு கதை, எட்டுப் பக்கம். முடிக்க ஒன்றரை வருடம் ஆயிற்று.

கதை பெரிய விஷயமில்லை. ஒருத்தியின் புருஷன் ரஷ்யாவுக்கு வேலைக்குக் கிளம்புகிறான். வழிக்குத் தின்ன விடியும் முன்பே எழுந்து ஒரு பை நிறைய போர்சோக், எண்ணெயில் பொரிக்கும் மாவுத் துண்டுகள், பொரித்துக் கொடுக்கிறாள். பஸ் நிலையத்தில் அவன் பையை பெஞ்சிலேயே வைத்துவிட்டு ஏறிப் போய்விடுகிறான். மறந்து வைத்தானா, வேண்டாமென்று வைத்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை. பையை வீட்டுக்குத் தூக்கி வந்து, கல்லாகிப்போன போர்சோக்கைத் தேநீரில் நனைத்து நனைத்துப் பதினோரு நாள் தனியாகத் தின்கிறாள். அவன் திரும்பி வரவேயில்லை. பெகிமாயின் புருஷன் குபாத் போய் அப்போது ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அந்தப் பையைப் பற்றி பெகிமாய் யாரிடமும், கூடப் பிறந்த தங்கையிடம்கூட, மூச்சு விட்டதில்லை. யாராவது ஒரே ஒரு ஆள் இதைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதைவிடப் பெரிய ஆசை அந்த வருடத்தில் அவளுக்கு எதுவும் இல்லை.

ஆகஸ்ட் முதல் வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, தன் பெயர் போட்டுக் கதையை ஏற்றினாள். 'இன்னும் யாரும் பார்க்கவில்லை' என்றது தளம். சரி, ஏற்றி ஒரு நிமிடம்தானே ஆகிறது என்று நினைத்தாள். புதன்கிழமையும் அதுவே. வெள்ளிக்கிழமையும் அதுவே. நோயாளி பெயரை இரண்டு தடவை தப்பாகக் கூப்பிட்டாள். ஒன்பதாம் நாள் ஒரு கவிஞரிடமிருந்து கடிதம் வந்தது. அவசரமாகத் திறந்தாள்.

"எஜே, ஒரு கதை ஒன்பது நாளா அப்படியே கெடக்கு. யாரு எழுதினதோ, பாவம். நீங்க ஒரு கண்ணு பாத்துட்டீங்கன்னா நாங்கல்லாம் படிச்சிடுவோம்."

அது என்னோடதுதான் என்று தட்டினாள். அழித்தாள். மறுபடி தட்டி மறுபடி அழித்தாள். கேட்டு வாங்குகிற பார்வை எனக்கு எதற்கு என்று ரோஷம் வந்துவிட்டது. அந்த வாரம் இன்னும் நாலு பேர் அதே கதையைக் காட்டி அவளிடமே சிபாரிசுக்கு வந்தார்கள். பட்டியலில் தலைப்புக்குப் பக்கத்திலேயே எழுதியவர் பெயர் இருக்கிறது, ஒரு பயலும் அதைப் படிக்கவில்லை.

இதற்கிடையில் தளத்தின் ஏழாம் ஆண்டு விழா வந்தது. விருந்தில் ஆட்டிறைச்சி பரிமாறும்போது யார் பதவிக்கு எந்த எலும்பு வைப்பது என்று செயற்குழு இரண்டு வாரம் விவாதித்தது. இடுப்பெலும்பு தலைவருக்கு என்பதில் தகராறில்லை. கவிதைத் துணைத்தலைவருக்குத் தொடையெலும்பு என்றால் ஓவியத் துணைத்தலைவருக்கு என்ன, முதுகெலும்பா என்று சண்டை. அறுநூறு செய்தி ஓடியது. ஏழு வருடத்தில் படைப்புகளைப் பற்றி அந்தக் குழுவில் ஓடிய செய்தி அத்தனையையும் சேர்த்தால்கூட அறுநூறு தேறாது.

விழா ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரு உணவகத்தின் மாடியில். சுவரில் ஒரு திரை கட்டி, ஷிர்தாக்கின் முகப்பை அதில் ஓடவிட்டிருந்தார்கள். நாலு பேச்சு முடிந்ததும் ஜோல்தோஷ் எழுந்து, நம்முடைய பெகிமாய்க்கு 'ஆயுட்கால முதல் கண்' என்ற பட்டம் அளிப்பதாக அறிவித்தார். வெல்வெட்டில் தைத்த சபான் அங்கியை இரண்டு துணைத்தலைவர்கள் அவள் தோளில் போர்த்தினார்கள். ஆகஸ்ட் வெயிலுக்கு அது ஒரு தண்டனை. ஆயுட்காலம் என்ற வார்த்தை அவள் காதில் சிறைத் தண்டனை மாதிரியே விழுந்தது.

அப்புறம் வாழ்த்துரை. ஜோல்தோஷுக்கு யாரோ காதில் கிசுகிசுத்திருக்க வேண்டும், பெகிமாயே ஒரு கதை போட்டிருக்கிறாள் என்று. மனிதர் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்து, பெகிமாயின் கதையைப் படித்த அன்று தான் அழுததாகச் சொன்னார். ஓவியத் துணைத்தலைவி ராக்கியா எழுந்து, தானும் அழுததாகவும், ஆனால் தலைவருக்கு முன்பே அழுததாகவும் சொன்னாள். மூத்தோர் ஒருங்கிணைப்பாளர் கதையில் வரும் மலைகள் உயிரோடு நிற்கின்றன என்றார். கதையில் மலையே கிடையாது. ஒரு அடுப்பு, ஒரு பெஞ்சு, ஒரு பை, அவ்வளவுதான்.

பெகிமாய் முதலில் ஒரு கணம் நம்பிவிட்டாள். அதைத்தான் பின்னால் நினைத்து நினைத்து வெட்கப்பட்டாள். நம்பி, கண் கலங்கி, நிமிர்ந்து பார்த்தபோது ஜோல்தோஷின் தலைக்குப் பின்னால் திரையில் அவள் கதை நின்றது, தலைப்பும் பெயரும், பக்கத்தில் 'இன்னும் யாரும் பார்க்கவில்லை.'

"பைகே," என்று அண்ணனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டாள், "பின்னாடி திரும்பி அந்தச் சுவத்தைக் கொஞ்சம் பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். அடுத்தவர் திறந்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தது முகங்களில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"பரவால்ல," என்றாள் பெகிமாய். "பத்தொன்பது பேரு இருக்கீங்க. பத்தொன்பது போன் இருக்கு. இப்ப ஒருத்தர் தொறங்க."

பத்தொன்பது போனும் கைக்கு வந்தன. பத்தொன்பது கட்டை விரலும் திரைக்கு மேலே நின்றன. ராக்கியா தலைவரைப் பார்த்து, "நீங்க மூத்தவங்க, நீங்க இருக்கும்போது நான் எப்படி முந்துறது" என்றாள். தலைவர் கவிதைத் துணைத்தலைவரைப் பார்த்து, இது உரைநடை என்றாலும் உங்கள் துறைக்குத்தான் நெருக்கம் என்றார். அவர் இளையோருக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்றார். இளையோர் ஒருங்கிணைப்பாளர் பெரியவர்களை மீறும் வளர்ப்பு தனக்கில்லை என்றார். வாசலில் யார் முதலில் நுழைவது என்று ஒருவரையொருவர் கைகாட்டுவார்களே, அதேதான். மரியாதை மேஜையை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தது. இறைச்சியில் கொழுப்பு உறைந்து வெள்ளையாகப் படிந்தது.

கடைசியில் ஜோல்தோஷுக்கு முகம் மலர்ந்தது. ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறோம், நம்மில் ராசியான கண் யாருடையது, பெகிமாயுடையதுதானே, பெகிமாயின் கதையைப் பெகிமாயே முதலில் பார்க்கலாம் என்று விதியைத் திருத்திவிட்டால் போகிறது என்றார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எல்லார் பசியும் திரும்பி வந்தது. பெகிமாய் அங்கியை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கி பஸ் ஏறினாள். அவள் போனதை யாரும் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை மருத்துவமனையில் கணினியைத் திறந்தபோது இழுப்பறைக்கு அடியிலிருந்த சீட்டைப் பிய்த்து மேஜைமேல் வைத்துக்கொண்டாள். தளத்தையே மூடிவிடுவது என்று முடிவு. ஏழு வருடமும் நாசமாய்ப் போகட்டும் என்றிருந்தது. மூடுவதற்கு முன் வழக்கம்போல முகப்பைப் பார்த்தாள். சிவப்பில் ஒரு வரி நின்றது. 'பார்த்துவிட்டு வெறுங்கையோடு போனவர்: அசனாலி, கொச்கோர்.'

தன் கதையைத் திறந்தாள். கீழே இருந்தது இவ்வளவுதான்:

"எஜே, உங்க பேரு இருந்துச்சு, அதான் தொறந்தேன். ஆட்டுக்கு ஊசி போட மேய்ச்சல் மலைக்குப் போயி மூணு வாரமா சிக்னல் இல்ல, இப்பதான் எறங்கினேன். அந்தப் பையை நெஜமாவே பெஞ்சுல வச்சிட்டுப் போயிட்டாரா? பதினோரு நாளும் நீங்க தனியாவா தின்னீங்க?"

நாலு வாக்கியம். ஒன்று குறைகிறது என்று இயந்திரம் எண்ணிச் சொல்லிவிட்டது. அந்தத் தளத்தில் யாரும் யாரையும் எதுவும் கேட்டதில்லை என்பது பெகிமாய்க்கு அப்போதுதான் உறைத்தது. பல்வலியோடு சீட்டுக்கு நின்ற ஒரு பெண், என்னம்மா உனக்கும் வலியா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளுக்குச் சீட்டுக் கொடுத்தாள்.

பிறகு, மனிதர் நல்லவர்தான், இவர் குதிரைக் கவிதையை ஒருதரமாவது ஒழுங்காகப் படிப்போம் என்று அசனாலியின் பக்கத்துக்குப் போனாள். பத்தாவதிலிருந்து வரிசையாகப் படித்தாள். கவிதை ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் இருபத்தாறாவதில் குதிரை செத்துப்போயிருந்தது. பனியில் கால் முறிந்து, ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பவர் தன் கையாலேயே அதற்குக் கடைசி ஊசி போட்டிருந்தார். அதற்கப்புறம் எழுதிய பதினைந்தும் வெறும் கட்டுத்தறியைப் பற்றியது. இருபத்தாறாவதின் கீழே பொன்னிறத்தில் பெகிமாயின் பெயர் மின்னியது. 'உண்மையான உணர்வு இருக்கிறது. சொற்கள் இயல்பாக அமைந்திருக்கின்றன. நடுப்பகுதி நெஞ்சைத் தொடுகிறது. முடிவை இன்னும் கொஞ்சம் சுருக்கலாம். அடுத்ததை ஆவலோடு எதிர்பார்க்கிறோம்.' அதற்கும் கீழே அசனாலியின் நன்றி.

நேற்று மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பத்தொன்பது பேரையும் வாய்விட்டுத் திட்டியிருந்தாள், பஸ்ஸில் வரும்போது. இருபதாவது ஆள் யாரென்று இப்போது தெரிந்தது.

தளத்தை மூடவில்லை. சீட்டைப் பார்த்துக் கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே போய், கொரும்துக் விதியை மட்டும் நீக்கினாள். பொன்னெழுத்து போயிற்று, சிவப்பெழுத்து போயிற்று. பத்து நிமிடத்தில் செயற்குழுவில் குய்யோமுறையோ என்று கூச்சல். பத்தொன்பது பேர் கையெழுத்தில்லாமல் ஒரு பாரம்பரியத்தை ஒழிக்க இவள் யார், இனிமேல் நம் படைப்புகளை முதலில் யார் பார்ப்பார்கள், பட்டத்தைத் திரும்பப் பெற விசாரணைக் குழு அமைக்க வேண்டும், அதற்கு யார் தலைவர் என்று ஓடியது. இருநூறாவது செய்தியில் சபான் அங்கியையும் திருப்பிக் கேட்டார்கள். பெகிமாய் அந்தக் குழுவிலிருந்து வெளியேறினாள். அது யாருக்கும் உடனே தெரியவில்லை, விசாரணைக் குழுத் தலைவர் பதவிக்குப் போட்டி கடுமையாக இருந்தது.

மத்தியானத்துக்குள் அவள் கதையை நானூறு பேர் பார்த்திருந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. அவளும் அதைத் தேடவில்லை. சாப்பாட்டு நேரம் வந்ததும் எக்ஸ்ரே அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, அசனாலிக்குப் பதில் எழுத உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில் விரல் 'உண்மையான உணர்வு' என்று ஆரம்பித்தது. அழித்துவிட்டு எழுதினாள்.

"உங்க குதிரை செத்தது எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். நான்தான் முதல்ல தொறந்தேன், ஆனா பாக்கல, என்னை மன்னிச்சிடுங்க. ஆமா, பையை வச்சிட்டுத்தான் போனாரு. தனியாத்தான் தின்னேன். பதினோரு நாள் இல்ல, பதினாலு நாள். கேக்கறவங்க சிரிப்பாங்கன்னு கதையில கொறச்சு எழுதினேன்."